முத்தாத்தாளின் நெற்றிக்காசு

காசு சேர்க்கத் தொடங்குகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான் ஐயா. காசைப் புளி போட்டு விளக்கக் கூடாது. குத்துவிளக்கையும் குடத்தையும் வெள்ளிக்கிழமைதோறும் தேய்த்துப் பழகிய கைகள் நம்முடையவை. ஒரு செப்புக்காசு கறுத்துக் கிடப்பதைக் கண்டால் அந்தக் கை சும்மா இருக்காது. ஆனால் அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை. அது காசின் தோல். உரித்துவிட்டால் மறுபடி வராது. உங்கள் மகள் காசு சேர்க்க ஆரம்பித்திருக்கிறாள் என்று சற்றுமுன் சொன்னீர்களே, அவளிடம் இதை மறக்காமல் சொல்லுங்கள். ஓரத்தைப் பிடித்து எடுக்கச் சொல்லுங்கள். முகத்தில் விரல் படக் கூடாது.

டீ ஆறிப்போகிறது, குடியுங்கள். எழுதுகிற தம்பிக்குக் கை வலிக்காதபடி நான் மெதுவாகவே சொல்கிறேன். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. என்னை உட்காரவைத்து, நான் சொல்வதை இத்தனை பேர் கேட்டுக்கொண்டிருப்பது இதுதான் முதல் தடவை.

என் பெயர் பரிபூரணம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சினிமாக் கொட்டகையில் பெண்கள் பக்கத்து டிக்கெட் கொடுக்கிறேன். நீங்கள் அந்த அறையைப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆள் ஒருக்களித்துத்தான் உட்காரலாம். சுவரில் ஒரு பொந்து இருக்கிறது. ஒரு கை நுழையும், அவ்வளவுதான். கை வரும், காசை வைக்கும், டிக்கெட்டை எடுத்துக்கொண்டு போகும். வளையல் போட்ட கை, தீப்பெட்டி ஆபீஸ் மருந்து ஒட்டிய கை, மருதாணி வைத்த கை, பால் மணக்கிற கை. முகம் தெரியாது. என் முகமும் அவர்களுக்குத் தெரியாது. தெருவில் நடந்துபோகும்போது எதிரே வருகிற பெண்களின் கைகளைப் பார்த்து, இவள் நேற்று வந்தவள், இவள் தரை டிக்கெட் என்று நான் அடையாளம் கண்டுகொள்வேன். அவர்களில் ஒருத்திக்கும் என்னைத் தெரியாது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. கூடப் பிறந்த அண்ணனும் போய்ச் சேர்ந்துவிட்டான். படம் தொடங்கியதும் சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டு கேட்கும். ஜனங்கள் சேர்ந்து சிரிப்பது கேட்கும். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் நான் சில்லறையை அடுக்கிக்கொண்டிருப்பேன்.

அப்படி அடுக்கும்போதுதான் ஒருநாள் தாமரைப் பூ போட்ட இருபது பைசா ஒன்று வந்தது. மஞ்சளாகப் பித்தளையில் அடித்த காசு. அதில் தங்கம் கலந்திருக்கிறது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு, பொய்தான். ஆனாலும் அழகாக இருந்தது. என் சுருக்குப் பையிலிருந்து வேறு இருபது பைசாவைக் கல்லாவில் போட்டுவிட்டு அதை எடுத்துக்கொண்டேன். அதுதான் தொடக்கம். உங்கள் மகளும் அப்படியே தொடங்கட்டும். கடைக்குப் போய் வாங்க வேண்டாம். கைக்கு வருகிற காசை ஒரு தடவை திருப்பிப் பார்த்தால் போதும். வருஷத்துக்குக் கீழே ஒரு சின்ன வைரம் இருந்தால் பம்பாயில் அடித்தது. நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத். ஒன்றுமே இல்லாவிட்டால் கல்கத்தா. ஒன்றும் இல்லாததும் ஓர் அடையாளம்தான் என்று தெரிந்த அன்று எனக்கு என்னவோ ஆறுதலாக இருந்தது.

பழைய காசுக்கு ராஜபாளையம் போவேன். அங்கே பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஹுமாயூன் என்று ஒருவர், பழைய பித்தளை, செம்புப் பாத்திரம் எடைக்கு வாங்குகிற கடை வைத்திருக்கிறார். மூட்டையில் வருகிற பாத்திரங்களுக்குள் காசும் கலந்து வரும். எனக்காக ஒரு டப்பாவில் ஒதுக்கி வைப்பார்.

"வாங்கக்கா," என்பார். "ஊருல எல்லாரும் நல்ல காசைத் தேடுதாக. நீங்க ஓட்டைக் காலணாவைத் தேடுதீக."

"ஓட்டையை நான் தேடலை பாய். அதைச் சுத்தியிருக்கிற காசைத்தான் தேடுதேன்."

"அதுசரி. இந்த வாய்க்கு நீங்க கல்லாவுல உக்காரக் கூடாது. படத்துக்கு வசனம் எழுதப் போகணும்."

அவர்தான் எனக்குப் பன்றி ரூபாயைப் பற்றிச் சொன்னவர். ஜார்ஜ் ராஜா பட்டத்துக்கு வந்த புதிதில் அடித்த வெள்ளி ரூபாய். ராஜாவின் உடுப்பில் சின்னதாக ஒரு யானை இருக்கும். தும்பிக்கையைக் குட்டையாகப் போட்டுவிட்டதால் பார்க்கிறவர்கள் கண்ணுக்குப் பன்றியாகத் தெரிந்துவிட்டது.

"எங்க ஆளுக தொடவே மாட்டோம்னுட்டாகளாம், எங்க அத்தா சொல்லுவாக," என்றார். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொண்ணு. அந்த ஒரு வருசந்தான். மறுவருசமே ஆனையை மாத்திட்டான். வந்ததையெல்லாம் வாங்கி உருக்கிட்டான்."

"உங்க கடைக்கு வந்தா என்ன செய்வீக?"

"இடுக்கியால எடுத்து உங்களுக்குத் தந்துருவேன். காசே வேண்டாம்."

வரவில்லை. என் ஆல்பத்தில் அதற்கென்று ஒரு பையை மட்டும் காலியாக விட்டு வைத்திருந்தேன்.

முத்தாத்தாளை முதலில் எனக்குக் கையாகத்தான் தெரியும். வலது கை ஆள்காட்டி விரலில் நகமும் நுனியும் இல்லை. புதுப் படம் போட்டால் முதல் வாரத்து மேட்னிக்கு அந்தக் கை தவறாமல் வந்துவிடும். ஒருநாள் அது வைத்த சில்லறையில் ஓரம் நெளிந்த சிலோன் காசு ஒன்று இருந்தது.

"இது செல்லாதும்மா," என்றேன்.

கை உள்ளேயிருந்து போயிற்று. அது இருந்த இடத்தில் ஒரு கண் வந்தது. அந்தப் பொந்தில் ஒரு கண்ணை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"யாரு சொன்னது செல்லாதுன்னு? சிலோன்ல செல்லும். நீ போயி மாத்திட்டு வா, நான் இங்கனயே நிக்கேன்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று எனக்கும் தெரிந்தது. நானும் சிரித்தேன். படம் விட்ட பிறகு அவள் பின்பக்கமாகச் சுற்றி வந்து அறைக் கதவைத் தட்டினாள்.

"உள்ள இருக்கது யாருன்னு பாக்க வந்தேன். குரலைக் கேட்டு, ஏதோ கிழடு உக்காந்திருக்குன்னு நெனச்சேன். நீ என்னைவிட எளசா இருக்கியேட்டி."

இப்படித்தான் பழக்கமானாள். மம்சாபுரத்தில் ஓர் ஒற்றை அறை வீடு. புருஷன் இல்லை. ராஜபாளையத்து மில் ஒன்றில் நூற்பு வேலை பார்த்தவள். விரல் நுனி அங்கேதான் போயிற்று. பஞ்சுத் தூசு நெஞ்சில் ஏறி இளைப்பு வந்ததால் வேலையை விட்டுவிட்டாள். மகன் வேலுசாமி மெட்ராஸில் கம்பெனி வேலை, அங்கேயே குடும்பம். நான் காலை பஸ்ஸில் மம்சாபுரம் போவேன். கஞ்சியும் துவையலும் வைத்திருப்பாள். மேட்னிக்கு முன்னால் திரும்பிவிடுவேன். எத்தனையோ வருஷம் காலைப் பொழுதை என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தவள் நான். அந்தப் பொழுது எனக்குப் போதாமல் போயிற்று.

அவளுக்கு இளைப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டு வந்தவள் நான்தான். ஜன்னலைத் திறக்க வேண்டும். முதுகுக்குத் தலையணை கொடுத்து நிமிர்த்தி உட்காரவைக்க வேண்டும். தகர டப்பாவில் இருக்கிற மாத்திரையை உடனே கொடுக்க வேண்டும். தூசு கூடாது, பஞ்சு அறவே கூடாது. அதனால் அவள் வீட்டில் மெத்தை கிடையாது, கோரைப்பாய்தான். பழைய இலவம்பஞ்சுத் தலையணை ஒன்று மட்டும் உண்டு. அதற்கு நானே இரட்டை உறை தைத்துப் போட்டிருந்தேன்.

புதிதாக என்ன காசு வந்தாலும் அவளிடம் காட்டுவேன். காண்டாமிருகம் போட்ட நாலணா வந்த சமயம், அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது என்ன, கொம்பு மொளச்ச பன்னியா?"

"காண்டாமிருகம்க்கா. அஸ்ஸாம் பக்கம் காட்டுல இருக்கும்."

"அம்புட்டுத் தூரத்துல இருந்து மம்சாபுரம் வந்திருக்கு பாரு. நம்ம மெட்ராஸ் மிருகத்துக்குத்தான் வழி தெரியலை."

மகனை அப்படித்தான் சொல்வாள். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் வாசலைப் பார்ப்பாள். நான் அதைக் கவனித்தும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வழி தெரியாமலே இருக்கட்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

புளி விஷயம் சொன்னேனே, அது அவள் செய்ததுதான். என் செப்புக்காசு டப்பாவை ஒருநாள் அவள் வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்தேன். அடுத்த தடவை போனபோது சொளகு நிறையப் பரப்பி வைத்திருந்தாள். அத்தனையும் புதுப் பானை மாதிரி பளபளவென்று இருந்தன. ராணித் தலையெல்லாம் தேய்ந்து, மூக்கும் முழியும் ஒன்றாகியிருந்தன.

"நேத்தும் முந்தாநாளும் உக்காந்து தேச்சேன்," என்றாள். "வெரலெல்லாம் எரியுது. எப்படி வச்சிருந்தே, கரிச்சட்டி மாதிரி."

நான் ஒரு காசை ஓரத்தைப் பிடித்து எடுத்துத் திருப்பிப் பார்த்தேன்.

"ஏட்டி, சந்தோசப்படுதியா, சங்கடப்படுதியா? மூஞ்சியைப் பாத்தா ஒரு எழவும் தெரியலையே. பொந்துக்குள்ளயே இருந்து இப்படி ஆயிட்டே."

காசு சேர்க்கிற எவரும் அவளை அன்றோடு விட்டிருப்பார்கள். தேய்த்த காசு அதற்குப் பிறகு எடைக்குத்தான் போகும். ஆனால் ஐயா, எனக்காக ஒருவர் விரல் எரிய எதையாவது தேய்த்தது என் ஆயுளில் அதுதான். அந்தக் காசுகளுக்கு ஆல்பத்தில் தனிப் பக்கம் கொடுத்தேன். நீங்கள் எடுத்து வந்திருக்கிற ஆல்பத்தில் இருக்கும், பாருங்கள். மினுங்குகிற பக்கம்.

அன்றைக்குத்தான் அவள் குங்குமப் பெட்டியிலிருந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தாள். "இதை மட்டும் தேய்க்கலை. இது என் நெத்திக்கு," என்றாள்.

உங்களுக்குத் தெரியாதது இல்லை. உயிர் போனதும் குளிப்பாட்டி, நெற்றியில் ஒரு ரூபாயை ஒட்டுகிறோம். கடைசியில் அது சுடுகாட்டில் வெட்டியானுக்குப் போய்ச் சேரும். இப்போது எல்லாரும் கைக்கு வந்த ரூபாயை ஒட்டிவிடுகிறார்கள். அந்தக் காலத்துப் பெண்களில் சிலர் தங்கள் நெற்றிக்கென்று ஒரு வெள்ளிக்காசைத் தாங்களே எடுத்து வைத்துக்கொள்வார்கள். முத்தாத்தாளுக்கு அவள் ஆத்தா கொடுத்தது. நான் லென்ஸை வைத்துப் பார்த்தேன். ராஜாவின் உடுப்பில் குட்டைத் தும்பிக்கையோடு அந்த யானை இருந்தது. வருஷம் பதினொன்று.

"இதை எனக்குக் குடுங்கக்கா. என்ன வேணும்னாலும் தாரேன்."

"போட்டி இவளே. காசைக் கொண்டு போயி உன் ஆல்பத்துல வச்சிட்டு, நான் வெறும் நெத்தியோட போகவா? வேணும்னா பொறவு வெட்டியான்கிட்டக் கேட்டு வாங்கிக்கோ."

"பொம்பளைக சுடுகாட்டுக்குப் போகக் கூடாதே."

"அப்போ தெருமுக்குல நில்லு. அவன் திரும்பி வாரப்போ மடக்கிரு." சிரித்துச் சிரித்து அவளுக்கு இருமல் வந்துவிட்டது. நான் ஜன்னலைத் திறந்துவிட்டு முதுகைத் தடவிக் கொடுத்தேன். மூச்சு அடங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீதான்டீ என் நெத்தியில ஒட்டணும். என் மருமக அவசரத்துல நாலணாவை ஒட்டிருவா," என்றாள். சரி என்றேன். எனக்குக் காசு கிடைக்கவில்லை என்பது அன்றைக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. அவள் இருக்கிற வரைக்கும் காசும் மம்சாபுரத்தில் இருக்கும், நானும் போய்ப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இந்த வருஷம் பங்குனிப் பொங்கலுக்கு வேலுசாமி வந்தான். நல்ல பிள்ளை, குறை சொல்ல மாட்டேன். என்னைச் சித்தி என்றுதான் கூப்பிட்டான்.

"அம்மாவை இனி இங்க ஒத்தையில விட்டு வைக்கக் கூடாது சித்தி. ராத்திரி பகல்ல ஏதாவது ஒண்ணுன்னா பாக்க ஆளில்லை. பாப்பாவுக்குப் பரீட்சை முடியட்டும், சித்திரைக் கடைசியில வந்து கூட்டிட்டுப் போயிருதேன். அங்கன பெரிய ஆசுபத்திரி இருக்கு."

பார்க்க ஆளில்லை என்று அவன் சொன்னபோது நான் அவனுக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். அவனுக்குக் காப்பி ஆற்றிக் கொடுத்ததும் நான்தான். சரிதான் என்று தலையை ஆட்டினேன்.

அவள் மறுத்துவிடுவாள் என்று இருந்தேன். அவள் மறுக்கவில்லை. மறுநாளே கோழிகளைப் பக்கத்து வீட்டு அய்யம்மாளுக்குக் கொடுத்துவிட்டாள். அண்டாவைத் தேய்த்துக் கவிழ்த்தாள். "கடல் பாக்கணும்டீ. பேத்தி என்னையக் கடலுக்குக் கூட்டிட்டுப் போவாளாம்," என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னாள். நான் காசு கொண்டு போனால் கையில் வாங்கி, பார்க்காமலே திருப்பிக் கொடுத்தாள். ஒரே ஒரு தடவை, "நீயும் மெட்ராசுக்கு வாயேன்," என்றாள். நான் பதிலை யோசித்துக்கொண்டிருக்கும்போதே அய்யம்மாள் வந்துவிட்டாள். பேச்சு கோழித் தீவனத்துக்குப் போயிற்று. அந்த வார்த்தையை அவள் மறுபடி சொல்லவில்லை.

ஹுமாயூன் பாயிடம் போய்ச் சொன்னேன்.

"நல்லதுதானக்கா. பிள்ளை குட்டிகளோட போயி இருக்கட்டும். நெஞ்சுக்கூடு சரியில்லாதவுக வேற," என்றார்.

"நல்லதுதான் பாய்."

"நீங்க ஏன் மொகத்தை இப்படி வச்சிருக்கீக? ஒரு எட்டு ரயிலேறிப் போயிப் பாத்துட்டு வாங்க."

போய்ப் பார்க்கலாம்தான். கொட்டகைக்காரி என்று ஒரு மூலையில் உட்காரவைத்துப் பலகாரம் கொடுப்பார்கள். எப்போது ஊருக்கு என்று கேட்பார்கள். அது வேறு.

காசு சேர்க்கிறவர்களுக்கு ஒரு குணம் உண்டு ஐயா. எல்லாக் காசும் கைமாறிக்கொண்டேதான் இருக்கிறது. யாரிடமும் நிற்காது. அதில் ஒன்றைப் பிடித்து ஆல்பத்தில் போட்டுவிட்டோமானால் அது நின்றுவிடும். அப்புறம் அது தேயாது, தொலையாது, வேறு ஒருவர் கைக்குப் போகாது. கைக்கு வந்த நல்ல காசை மறுபடி புழக்கத்தில் விட எங்களுக்கு மனம் வராது.

வேலுசாமி வருவதற்கு இரண்டு நாள் முன்னால் காலையில் போனேன். அவள் டிரங்குப் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். "இந்தத் தலகாணியை என்ன செய்ய? அங்கன புதுசு இருக்கும்," என்றாள்.

"இலவம்பஞ்சுக்கா. இப்போ கிடைக்காது. பிரிச்சு நல்ல பஞ்சா எடுத்து உங்க பேத்திக்குச் சின்னதா ஒண்ணு தைச்சுத் தாரேன்," என்றேன். பேத்திக்கு என்றதும் அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "வெளிய வச்சுப் பிரியேட்டி," என்றாள். "வெளிய காத்து அடிக்குது, பறந்துரும்," என்றேன். அது உண்மைதான். சித்திரைக் காற்று. அதனால் கதவைச் சாத்தினேன். ஜன்னலையும் சாத்தினேன். இரட்டை உறையைக் கத்தரித்து, தலையணையைக் கிழித்து, பஞ்சை உதறினேன். பழைய பஞ்சு, தூசு நிறைய இருந்தது. அறை முழுக்கப் பனி விழுந்த மாதிரி ஆயிற்று. அழகாகத்தான் இருந்தது.

அவள் முதலில் சிரித்தாள். "மில்லு மாதிரியே இருக்கு," என்றாள். பிறகு இருமினாள். பிறகு உட்கார்ந்தாள்.

மாத்திரை டப்பா என் மடியில் இருந்தது. அவள் பேச முடியாமல் அந்த நுனியில்லாத விரலால் என் மடியைக் காட்டினாள். நான் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு நிமிஷம்கூட விட்டுப் போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கை என்னை இழுத்தது, அப்புறம் இழுக்கவில்லை. முடிந்த பிறகு அறையைப் பெருக்கினேன். பஞ்சைக் கோணிப்பையில் அடைத்தேன். டப்பாவை அது இருக்கிற இடத்தில் வைத்தேன். அவளைப் பாயில் படுக்கவைத்துப் போர்த்திவிட்டு, ஜன்னலைத் திறந்துவிட்டு, மதிய பஸ்ஸுக்கு வந்துவிட்டேன். அன்றைக்குப் புதுப் படம். மேட்னிக்கு நல்ல கூட்டம்.

மேட்னிக்கும் அடுத்த காட்சிக்கும் நடுவில் பொந்துக்குள் ஒரு கை வந்தது. அந்தக் கையில் காசு இல்லை.

"பூரணம், நான் அய்யம்மா. முத்தாத்தா போயிட்டாட்டி. தூங்குதான்னு நெனச்சிட்டேன்."

நான் கல்லாவை ஒப்படைத்துவிட்டுப் போனேன். ராத்திரியே தந்தி போயிற்று. மறுநாள் மகன் வந்து சேர்ந்ததும் பெண்கள் சுற்றி நின்று சேலையைப் பிடிக்க, நான்தான் குளிப்பாட்டினேன். தலைமுடிக்குள் ஒரு பஞ்சு இழை இருந்தது, எடுத்துவிட்டேன். நெற்றிக்கு என்னும்போது அய்யம்மாள் குங்குமப் பெட்டியைக் கொண்டுவந்தாள். மஞ்சள் துணியில் ஒன்றும் இல்லை.

"வெள்ளிக்காசு வச்சிருந்தாளே, எங்க போச்சு?"

"தெரியலையே," என்றேன். என் சுருக்குப் பையிலிருந்து ஒரு ரூபாயை எடுத்துச் சந்தனம் தொட்டு ஒட்டினேன். வாக்குக் கொடுத்தபடி ஒட்டியது நான்தான். அவளுடைய காசு அப்போது என் ஆல்பத்தில், காலியாக விட்டிருந்த பையில் இருந்தது. நீங்கள் கண்டெடுத்த இடத்தில்தான்.

பெண்கள் எல்லாரும் தெருமுக்கோடு நின்றுவிட்டோம். சுடுகாட்டில் வெட்டியான் காசை எடுக்கும்போது வேலுசாமி பார்த்திருக்கிறான். அது இந்தக் காலத்துச் சின்ன ரூபாய். அவனுக்குச் சின்ன வயதிலிருந்து அம்மாவின் காசு தெரியும். அவன் இங்கே ஸ்டேஷனுக்கு வந்து சொன்னான். நீங்கள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினீர்கள். காசைப் பற்றித்தான் கேட்டீர்கள். பஞ்சைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். இவ்வளவு தூரம் கேட்டீர்கள், மிச்சத்தையும் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

தம்பி வாசித்துக் காட்டியதெல்லாம் சரிதான். ஒரே ஒரு இடத்தில் திருத்தம் இருக்கிறது. மேற்படி பழைய நாணயத்தை அடையும் பொருட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் அடித்துவிடுங்கள். உங்கள் மகளும் இந்தப் பழக்கத்தில் இறங்கியிருக்கிறாள். காசு சேர்க்கிறவர்களைப் பற்றி அப்படி ஒரு பேச்சு வரக் கூடாது. ஹுமாயூன் பாயும் வருத்தப்படுவார்.

அந்தக் காசை அவள் முந்தின வாரமே எனக்குக் கொடுத்துவிட்டாள் ஐயா. மஞ்சள் துணியை அவிழ்த்து, என் கையைப் பிடித்து, உள்ளங்கையில் வைத்து மூடினாள். "எனக்கு இனி இது எதுக்குட்டி. மகன் வீட்டுக்குப் போறேன், அவன் எதையாவது ஒட்டி அனுப்பட்டும். நீ ஆசைப்பட்டுக் கேட்டே. நீதான் ஒத்தையாக் கிடக்கப் போறே, உனக்கு ஒரு துணையா இருக்கட்டும்," என்றாள். சிரித்துக்கொண்டேதான் கொடுத்தாள். என்னிடம் இதைவிட நல்ல காசு இல்லை. வீட்டுக்கு வந்து அதை ஆல்பத்தில் வைத்துவிட்டு விடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அய்யம்மாள் கேட்டபோது, அவளே கொடுத்தாள் என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார்கள். ஆனால் அப்படிச் சொன்னால், அவள் சந்தோஷமாகக் கிளம்பத் தயாராக இருந்தாள் என்பதையும் நான் என் வாயால் சொல்ல வேண்டியிருக்கும். அதற்குத் திருடி என்ற பெயரே தேவலை என்று இருந்துவிட்டேன்.

வேலுசாமி வெளியே நிற்கிறான் என்றீர்கள். பாவம், இன்னும் அழுதுகொண்டுதான் இருப்பான். பேத்தியும் சாப்பிடாமல் கிடக்கிறதாம். அவர்களுக்கு எப்படியாவது எடுத்துச் சொல்லுங்கள் ஐயா, அவளுக்கு ஒரு குறையும் வரவில்லை, கடைசி மூச்சு வரைக்கும் பக்கத்தில் நான் இருந்தேன் என்று. மெட்ராஸுக்குப் போயிருந்தால் அவளுக்கு அங்கே யார் இருக்கிறார்கள்?